நெருக்கடியில் தளரும் காவலன்: வாயுச் சுழலியின் எண்பது ஆண்டு வரலாறு

ஒரு நாடோ நகரமோ இருளில் மூழ்கும்போதெல்லாம் மக்கள் கேட்கும் முதற் கேள்வி, “எது பழுதடைந்தது?” என்பதே. செய்தி ஏடுகளும் அதற்கான விடையைத்தான் தேடி ஓடுகின்றன. மின்னல் விழுந்தது, மரம் சாய்ந்தது, ஊழியர் ஒருவர் தவறான ஆளியைத் திறந்துவிட்டார் என்று ஏதோ ஒரு காரணம் கிடைத்ததும் தலைப்புச் செய்தி முடிந்துவிடுகிறது. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளின் பெரிய மின்தடைகள் பலவற்றில் இதைவிட முக்கியமான இன்னொரு கேள்வி இருக்கிறது. முதலாவது பழுது எங்கும் எப்போதும் நேரக்கூடியது. அது நேர்ந்தபோது ஏனைய மின்பிறப்பாக்கிகள் ஏன் தாங்கி நிற்கவில்லை என்பதே அந்தக் கேள்வி.

இக்கேள்வியைத் தொடர்ந்து போனால் வாயுச் சுழலி என்ற இயந்திரத்தின் வரலாற்றுக்குள் நுழைய நேரிடுகிறது. தமிழகத்து வாசகர்கள் இதனை எரிவாயு விசையாழி என்பர். நெருக்கடியில் கைகொடுக்கும் காவலனாக மின்துறைக்குள் அழைத்துவரப்பட்ட இயந்திரம் இது. அதன் இயல்பிலோ, நெருக்கடி வரும் அதே கணத்தில் தளர்ந்துபோகும் ஒரு குணம் இருக்கிறது. இந்த முரண்பாட்டை மனிதர் எவ்வாறு கண்டறிந்தனர், எவ்வாறு கட்டுப்படுத்த முயன்றனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மீடிறன் என்னும் நாடித்துடிப்பு

முதலில் மீடிறன் பற்றிச் சில வார்த்தைகள். தமிழகத்தில் அதிர்வெண் என வழங்கும் இச்சொல், மாறுதிசை மின்னோட்டம் ஒரு வினாடியில் எத்தனை தடவை மாறி மாறித் துடிக்கிறது என்பதைக் குறிக்கும். இலங்கை, இந்தியா, மலேசியா, பிரித்தானியா ஆகிய நாடுகளில் அது 50 ஹேர்ட்ஸ். வட அமெரிக்காவில் 60 ஹேர்ட்ஸ்.

மின்சாரம் பெருமளவில் சேமித்து வைத்து விற்கும் பண்டமாக இருந்ததில்லை. ஒவ்வொரு வினாடியும் நுகரப்படும் அளவு அதே வினாடியில் பிறப்பிக்கப்பட வேண்டும். நுகர்வு கூடி உற்பத்தி குறைந்தால், நாடெங்கும் ஒரே கதியில் சுழலும் பாரிய மின்பிறப்பாக்கிகள் தமது சுழற்சியில் பொதிந்துள்ள சக்தியைக் கொடுத்து அந்தக் குறையை ஈடுசெய்கின்றன. ஏற்றத்தில் பாரவண்டி இழுக்கும் மாடுகளின் நடை தளர்வதுபோல அவற்றின் வேகம் குறைகிறது. அவ்வேகத்தின் வெளிப்பாடே மீடிறன். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதுபோல மின்வலையமைப்பின் உடல்நலத்தைப் பொறியியலாளர் மீடிறனில் பார்க்கின்றனர்.

வேகம் தளரும்போது எரிபொருளைக் கூட்டிக்கொடுக்கும் கருவி மிகப் பழையது. 1788ஆம் ஆண்டு ஜேம்ஸ் வாட் தமது நீராவி இயந்திரத்தில் சுழலும் இரு குண்டுகளைக் கொண்ட வேகச் சீராக்கியைப் பொருத்தினார். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், நீராவி வால்வு அகலத் திறக்கும். 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் இத்தகைய சீராக்கிகளின் கணிதத்தை எழுதினார். தானியங்கிக் கட்டுப்பாட்டியலின் தொடக்கம் என அக்கட்டுரையை அறிஞர்கள் போற்றுகின்றனர்.

இன்றைய மின்நிலையங்களிலும் தத்துவம் அதுதான். சீராக்கியின் குணத்தைச் ‘சரிவு’ என்ற அளவால் குறிப்பிடுவர். 4 சதவீதச் சரிவு கொண்ட இயந்திரம், மீடிறன் 50இலிருந்து 49.5 ஹேர்ட்ஸுக்கு வீழ்ந்தால், தன் முழுக் கொள்ளளவின் காற்பங்கை மேலதிகமாகத் தர முயலவேண்டும். நாடெங்குமுள்ள நூறு இயந்திரங்கள் தம்முள் பேசிக்கொள்ளாமலே பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. எவரும் கட்டளையிடத் தேவையில்லை. மீடிறனே கட்டளை.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கூட்டித் தருவதற்கு இயந்திரத்திடம் மிச்சம் இருக்கவேண்டும்.

நூசத்தல் நகரின் நிலவறை

1939ஆம் ஆண்டு. ஐரோப்பா போரின் வாசலில் நின்றது. சுவிற்சர்லாந்தின் நூசத்தல் நகரம் நெருக்கடி வேளைக்கென ஒரு மின்பிறப்பாக்கியைக் குண்டு துளைக்காத நிலவறையில் நிறுவ விரும்பியது. பிரவுண் பொவேரி நிறுவனம் 4,000 கிலோவாட் வலுவுள்ள வாயுச் சுழலி ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. பொது மின்விநியோகத்துக்காக உலகில் இயங்கிய முதல் வாயுச் சுழலி இதுவே. அதைப் பரிசோதித்துச் சான்றளித்தவர் சுழலி இயலின் பேராசானாகிய ஒரெல் ஸ்ரொடோலா. அப்போது அவருக்கு வயது 80. அந்த இயந்திரம் 2002 வரை பணியிலிருந்தது என்பது இன்னுமொரு வியப்பு.

அதன் கணக்கை மட்டும் வாசகர்கள் சற்றுக் கவனிக்கவேண்டும். சுழலி பிறப்பித்த மொத்த வலு ஏறத்தாழ 15,400 கிலோவாட். அதில் 11,400 கிலோவாட்டை இயந்திரத்தின் முன்பகுதியிலுள்ள காற்று அமுக்கியே விழுங்கியது. எஞ்சிய 4,000தான் நகரத்துக்குக் கிடைத்தது. எரிபொருளின் வெப்பத்தில் 17.38 சதவீதமே மின்சாரமானது.

நீராவி நிலையத்தில் அமுக்கிக்கு வேலையில்லை. கொதிகலனில் நீர் ஆவியாகி அழுத்தம் பெறுகிறது. வாயுச் சுழலியோ வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, அதில் எரிபொருளை எரித்து, விரியும் வெப்ப வாயுவால் சுழல்கிறது. தன்னைத் தானே ஊதிக்கொண்டிருக்கும் உலைத்துருத்தி எனலாம். துருத்தியின் கை தளர்ந்தால் உலையும் தளரும். பின்னாளைய இயந்திரங்கள் பன்மடங்கு திறன் பெற்றபோதிலும், பிறக்கும் வலுவில் பெரும் பங்கை அமுக்கி உண்ணும் நிலை மாறவில்லை. தொல்லையின் விதை 1939இலேயே இருந்தது.

விமானத்திலிருந்து இறங்கிய காவலன்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வாயுச் சுழலி வானத்தில் வளர்ந்தது. ஜெட் விமான எஞ்சின் என்பது வாயுச் சுழலியே. பிரித்தானியப் பொறியியலாளர்கள் அதை மீண்டும் தரைக்கு இறக்கினர். 1959இல் டெவன் மாவட்டத்துப் பிரின்ஸ்ரவுணில், பிரித்தானியா என்ற பயணிகள் விமானத்தை இயக்கிய புரோற்றியஸ் எஞ்சினைக் கொண்டு 3 மெகாவாட் நிலையமொன்று அமைக்கப்பட்டது. 1962இல் ஹாம்ஸ் ஹோலில் ஒலிம்பஸ் எஞ்சின் மின்சாரம் பிறப்பித்தது. வல்கன் குண்டுவீச்சு விமானத்தை இயக்கியதும், பிற்காலத்தில் கொன்கோட் விமானத்தை இயக்கியதும் இதே குடும்பத்து எஞ்சின்தான்.

குளிர்ந்த நிலையிலிருக்கும் கொதிகலனைச் சூடேற்றி நீராவிச் சுழலியை இயக்குவதற்குப் பல மணி நேரம் வேண்டும். விமான எஞ்சின் வழிவந்த சுழலி சில நிமிடங்களில் முழு வலுவைத் தந்துவிடும். ஆகவே 1960களில் பிரித்தானியாவில் எழுந்த பாரிய நிலக்கரி நிலையங்களின் அருகே சிறிய வாயுச் சுழலிகளும் நிறுவப்பட்டன. மீடிறன் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வீழ்ந்தால் அவை தாமாகவே தொடங்கும். நிலக்கரி நிலையத்துக்கு நீரேற்றும் பம்பிகளும் காற்றாடிகளும் மின்சாரத்தில் இயங்குவன. மீடிறன் வீழ்ந்தால் அவையும் தளர்ந்து நிலையத்தையே கவிழ்த்துவிடும். அந்தப் பம்பிகளைக் காப்பதே சிறிய சுழலிகளின் கடமை.

அத்திலாந்திக்கின் மறுகரையில் 1965 நவம்பர் 9ஆம் திகதி மாலை 5.16 மணிக்கு, ஒன்ராறியோவிலுள்ள சேர் அடம் பெக் நீர்மின் நிலையத்தின் காப்புக்கருவி ஒன்று தவறாக அமைக்கப்பட்டிருந்ததால் மின்கடத்திப் பாதை அறுந்தது. நியூயோர்க் உட்பட வடகிழக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 3 கோடி மக்கள் இருளில் மூழ்கினர். சில இடங்களில் 13 மணி நேரம் வரை வெளிச்சம் திரும்பவில்லை. வெளியிலிருந்து மின்சாரம் பெறாமல் தானே தொடங்கும் இயந்திரங்கள் போதுமான அளவு இல்லாமை அன்று உணரப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க மின்நிறுவனங்கள் வாயுச் சுழலிகளை வாங்கிக் குவித்தன.

இவ்வாறு வாயுச் சுழலிக்குக் காவலன் என்ற பெயர் நிலைத்தது. ஆண்டில் சில மணி நேரமே ஓடுவது, அழைத்ததும் எழுந்து வருவது என்பதே அதன் படிமம். விமான எஞ்சின் வழிவந்தவற்றுக்கு இன்னொரு நற்குணமும் இருந்தது. அவற்றில் அமுக்கியைச் சுழற்றும் தண்டு வேறு, மின்பிறப்பாக்கியைச் சுழற்றும் தண்டு வேறு. மின்வலையமைப்பின் வேகம் தளர்ந்தாலும் அமுக்கி தளர வேண்டியதில்லை.

ஒரே தண்டில் கட்டுண்ட இயந்திரம்

1990களில் நிலைமை தலைகீழானது. பிரித்தானிய மின்துறை 1990இல் தனியார்மயமாகத் தொடங்கியது. வடகடல் எரிவாயு மலிவாகக் கிடைத்தது. வாயுச் சுழலியின் வெப்பப் புகையைக் கொண்டு நீராவி உண்டாக்கி இன்னொரு சுழலியையும் இயக்கும் கூட்டுச் சுழற்சி நிலையங்கள் திறனில் நிலக்கரியை வென்றன. 1991இல் ரூஸ்கோட் நிலையம் முதலாவதாக மின்சாரம் வழங்கியது. தொடர்ந்து ஒரு பெரும் அலையே எழுந்தது. காவலன் அரியணை ஏறினான் என்று சொல்லலாம். ஆண்டில் சில மணி நேரம் ஓடிய இயந்திரம் இப்போது இரவு பகலாக நாட்டைச் சுமந்தது.

ஆனால் இது வேறு இனம். இப்பாரிய சுழலிகளில் அமுக்கி, சுழலி, மின்பிறப்பாக்கி மூன்றும் ஒரே தண்டில் கட்டுண்டவை. 50 ஹேர்ட்ஸ் வலையமைப்பில் நிமிடத்துக்கு 3,000 சுழற்சி. மீடிறன் 49 ஹேர்ட்ஸாக வீழ்ந்தால் தண்டின் வேகம் 2,940 ஆகும். அமுக்கியும் அதே அளவு தளரும். உள்ளே வரும் காற்று குறையும், அழுத்தமும் குறையும்.

இங்கேதான் இக்கட்டு. மீடிறன் வீழ்ந்ததைக் கண்ட வேகச் சீராக்கி எரிபொருளைக் கூட்டுகிறது. காற்று குறைந்து எரிபொருள் கூடினால் வெப்பநிலை ஏறுகிறது. சுழலியின் இதழ்கள் தாங்கக்கூடிய வெப்பத்துக்கு எல்லை உண்டு. ஆகவே வெப்பநிலையைக் காவல் காக்கும் இன்னொரு கட்டுப்பாட்டுச் சுற்று விழித்தெழுந்து எரிபொருளைக் குறைக்கிறது. ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரோவென் 1983இல் வெளியிட்ட கணித மாதிரியில் இந்த அமைப்பு தெளிவாக உள்ளது. வேகம், வெப்பநிலை, முடுக்கம் ஆகிய மூன்று கட்டுப்பாடுகளும் தத்தமது எரிபொருள் அளவைச் சொல்லும். எது மிகக் குறைவோ அதுவே செல்லுபடியாகும். நாடு “கூட்டு” என்கிறது. இயந்திரத்தின் உயிரச்சம் “குறை” என்கிறது. வெல்வது உயிரச்சமே.

முழு வலுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஒற்றைத்தண்டுச் சுழலி, மீடிறன் வீழும்போது உதவி செய்யாதது மட்டுமல்ல, ஏற்கெனவே தந்துகொண்டிருந்ததிலும் குறைக்கத் தொடங்குகிறது. அதனால் மீடிறன் மேலும் வீழும். மேலும் வீழ்ந்தால் மேலும் குறையும். வீழ்பவனுக்குக் கைகொடுக்க வந்தவன் அவனோடு சேர்ந்தே சரியும் கதை இது.

இருள் கற்பித்த பாடங்கள்

1996 ஆகஸ்ட் 3ஆம் திகதி மாலை மலேசியத் தீபகற்பம் முழுவதும் இருண்டது. திரங்கானு மாநிலத்துப் பாக்கா மின்நிலையத்தின் அருகே கடத்திப் பாதை ஒன்று அறுந்ததில் தொடங்கி, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டன. கோலாலம்பூர் உட்பட நாட்டின் பெரும்பகுதி அன்றிரவு வரை மின்சாரமின்றி இருந்தது. மலேசிய வாசகர்கள் பலருக்கு அந்த இரவு நினைவிருக்கக்கூடும். மீடிறன் வீழ்ச்சியில் வாயுச் சுழலிகளின் நடத்தையை ஆராயும் பொறியியல் எழுத்துகளில் இந்நிகழ்வு எச்சரிக்கையாக எடுத்துக்காட்டப்படுகிறது. எரிவாயுவை வேகமாகத் தழுவிய நாடுகளில் மலேசியா முன்னணியில் நின்றது.

2003 செப்ரெம்பர் 28ஆம் திகதி அதிகாலை இத்தாலிக்கு முறை வந்தது. சுவிற்சர்லாந்திலிருந்து வரும் பாதைகள் அறுந்ததால், அயல்நாடுகளிலிருந்து பெற்றுக்கொண்டிருந்த 6,000 மெகாவாட்டுக்கும் கூடுதலான மின்சாரம் சில வினாடிகளில் இல்லாமற் போயிற்று. இரவு முழுவதும் கலைவிழா நடந்த உரோமாபுரியில் மக்கள் வீதிகளில் சிக்கினர். 5 கோடி 60 இலட்சம் மக்கள் வாழும் நாட்டில் சார்டினியாத் தீவு நீங்கலாக எங்கும் இருள். ஐரோப்பிய மின்வலையமைப்பாளரின் விசாரணை கண்டறிந்த உண்மை ஒன்று இங்கு முக்கியமானது. மீடிறன் 47.5 ஹேர்ட்ஸை எட்டும்வரை தாங்கி நிற்கவேண்டிய 50 பெரிய அனல் இயந்திரங்களில் 21 அதற்கு முன்னரே கழன்றுவிட்டன. அவை நின்றிருந்தால் கதை வேறாக முடிந்திருக்கக்கூடும்.

தீவுகளின் நிலை இன்னும் இக்கட்டானது. சாய்ந்துகொள்ள அயல்நாட்டு வலையமைப்பு பெரிதாக இல்லை. 2005இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள், அயர்லாந்தின் வலையமைப்பில் கூட்டுச் சுழற்சி நிலையங்கள் பெருகப் பெருக மீடிறன் கட்டுப்பாடு கடினமாகும் என்றும், பெரிய வீழ்ச்சிகளுக்கு வாய்ப்புக் கூடும் என்றும் காட்டினர்.

பிரித்தானிய மின்வலையமைப்பு விதிக்கோவை இதற்கு எழுத்தில் வரம்பு கட்டியது. மீடிறன் 49.5க்கும் 50.5க்கும் இடையில் இருக்கும்வரை நிலையம் தன் வலுவைக் குறைக்கவே கூடாது. 47 ஹேர்ட்ஸ் வரை வீழ்ந்தாலும் குறைவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கூட்டுச் சுழற்சி நிலையங்களுக்கு மட்டும் ஒரு சலுகை. அவை அந்தக் கடமையை 48.8 ஹேர்ட்ஸ் வரை காப்பாற்றினால் போதும். ஏன் 48.8? அந்த அளவில்தான் நுகர்வோரின் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படத் தொடங்கும். அதுவரை இயந்திரம் தாங்கவேண்டும், அதன்பின் மக்கள் சுமக்கவேண்டும் என்பது இந்த வரியின் பொருள். இயந்திரத்தின் பௌதிக எல்லையும் சமூகத்தின் தியாக எல்லையும் ஒரே எண்ணில் சந்திக்கின்றன.

இவ்விதியைக் காக்கப் பொறியியலாளர்கள் பல வழிகளைக் கண்டனர். சிறிது நேரத்துக்கு வெப்பநிலை எல்லையை உயர்த்துவது, அமுக்கியின் வாயிலிலுள்ள வழிகாட்டு இதழ்களை மேலும் விரித்துக் காற்றைக் கூட்டுவது, உட்செல்லும் காற்றில் நீரைத் தெளிப்பது என்பன அவற்றுள் சில. எளிய வழி, இயந்திரத்தை முழு வலுவில் ஓட்டாமல் சிறிது ஒதுக்கி வைப்பது.

ஒதுக்கி வைத்தது யாருடையது?

இங்கே பொறியியல் முடிந்து பொருளாதாரம் தொடங்குகிறது. ஒதுக்கி வைத்த மெகாவாட் விற்கப்படாத மெகாவாட். நிலைய உரிமையாளருக்கு அது நட்டம். அரச நிறுவனமொன்று முழு வலையமைப்பையும் நடத்திய காலத்தில் அந்நட்டம் பொதுக்கணக்கில் மறைந்துவிடும். நூறு நிறுவனங்கள் போட்டியிடும் சந்தையில் ஒவ்வொருவரும் அயலவர் ஒதுக்கி வைப்பார் என்றே நம்புவர்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் 2001ஆம் ஆண்டு நடத்தப்பட்ட ஒரு பரிசோதனை இதை வெளிச்சமாக்கியது. வேண்டுமென்றே மின்பிறப்பாக்கிகளை நிறுத்தி, ஏனையவற்றின் வேகச் சீராக்கிகள் எவ்வளவு உதவுகின்றன என அளந்தனர். கணினி மாதிரிகள் எதிர்பார்த்த உதவியில் ஏறத்தாழ 40 சதவீதமே உண்மையில் கிடைத்தது. பல இயந்திரங்கள் முழு வலுவில் எல்லையோடு ஓடிக்கொண்டிருந்தன. இன்னும் சிலவற்றில் சீராக்கி வலுவைக் கூட்டியது உண்மைதான். சில வினாடிகளில் நிலையத்தின் மேல்மட்டக் கணினி அதைக் கண்டு, “உனக்கு விதித்த அளவு இதுவல்லவே” என்று பழைய அளவுக்கே இழுத்துவிட்டது. ஒரு கை கொடுத்ததை மறு கை பறித்தது.

தூய்மையான புகைக்கான நியாயமான கோரிக்கையும் புதிய பலவீனத்தைக் கொண்டுவந்தது. நைதரசன் ஒட்சைட்டுகளைக் குறைப்பதற்காகப் புதிய சுழலிகளில் காற்று மிகுந்த மெல்லிய கலவையே எரிக்கப்படுகிறது. அந்தச் சுடர் அணையும் விளிம்பிலேயே ஆடிக்கொண்டிருப்பது. மீடிறன் திடீரென ஆடினால், எரிபொருளைக் கட்டுப்பாடு சட்டெனக் குறைக்கும். அப்போது சுடர் அணைந்துபோகலாம். 2008 பெப்ரவரி 26ஆம் திகதி புளோரிடா மாநிலத்தில் ஏற்பட்ட பெரிய மின்குழப்பத்தின் பின்னர், இவ்வாறு சுடர் அணையும் ஆபத்து குறித்து வட அமெரிக்க மின் நம்பக அமைப்பு அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மின்நிலையங்களை எச்சரித்தது.

ஒரு வெள்ளி மாலையின் எண்பது வினாடிகள்

2019 ஆகஸ்ட் 9ஆம் திகதி, வெள்ளிக்கிழமை மாலை 4.52 மணி. லண்டனுக்கு வடக்கே ஈற்றன் சோகனுக்கும் வைமண்ட்லிக்கும் இடையிலான கடத்திப் பாதையில் மின்னல் தாக்கியது. காப்புக்கருவிகள் வினாடியின் பத்திலொரு பங்குக்குள் பழுதை அகற்றின. இருபது வினாடிகளில் பாதை மீண்டும் இணைந்தது. அத்துடன் முடிந்திருக்கவேண்டிய கதை.

ஆனால் வடகடலில் ஹோர்ன்சீ காற்றாலைப் பண்ணை 737 மெகாவாட்டை இழந்தது. அதே கணத்தில் லிற்றில் பார்போர்ட் கூட்டுச் சுழற்சி நிலையத்தின் நீராவிச் சுழலி 244 மெகாவாட்டோடு நின்றது. அதன் வேகத்தை அளக்கும் மூன்று உணரிகள் ஒன்றுக்கொன்று முரணான அளவுகளைச் சொன்னதே காரணம். சிறிய நிலையங்கள் பலவும் மின்னல் அதிர்ச்சியில் கழன்றன. மீடிறன் 49.1 வரை வீழ்ந்து, ஒதுக்கி வைத்த வலுவெல்லாம் வந்து தாங்க, 49.2 ஆக மீளத் தொடங்கியது. அன்று ஒதுக்கத்திலிருந்தது ஏறத்தாழ 1,000 மெகாவாட். ஒரே நேரத்தில் இழக்கக்கூடிய மிகப்பெரிய தனி இயந்திரத்தின் அளவு அது.

லிற்றில் பார்போர்ட்டிலோ இரு வாயுச் சுழலிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் வெப்பத்தில் உண்டாகும் நீராவிக்குப் போக்கிடமில்லை. நீராவிச் சுழலியைச் சுற்றிக் கடத்தும் மாற்றுவழி செவ்வனே இயங்கவில்லை. அழுத்தம் ஏறியது. மின்னல் தாக்கி ஒரு நிமிடத்துக்குள் முதல் வாயுச் சுழலி 210 மெகாவாட்டோடு நின்றது. மீடிறன் 48.8ஐத் தொட்டது. விதிக்கோவையில் எழுதப்பட்ட அதே எண். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 11 இலட்சம் நுகர்வோரின் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்பட்டது. சில வினாடிகளில் இரண்டாவது வாயுச் சுழலியையும் 187 மெகாவாட்டோடு ஊழியர் கையால் நிறுத்த நேர்ந்தது. மக்களின் மின்சாரத்தைத் துண்டித்திராவிட்டால் அந்த இரண்டாவது இழப்பு வலையமைப்பை எங்கு கொண்டுபோய் விட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஐந்து நிமிடத்தில் மீடிறன் 50க்குத் திரும்பியது. முக்கால் மணி நேரத்தில் வீடுகளுக்கு வெளிச்சம் வந்தது. ஆனால் லண்டன் சுற்றுப்புறத்தில் ஓடும் குறிப்பிட்ட வகைத் தொடரூந்துகள் 49 ஹேர்ட்ஸுக்குக் கீழே தாமாகவே நின்றுவிட்டன. அவற்றுள் 22 தொடரூந்துகளைத் தொழில்நுட்பவியலாளர் நேரில் சென்று இயக்கும்வரை அசைக்க முடியவில்லை. கிங்ஸ் குறொஸ் நிலையம் நள்ளிரவு நெருங்கும்வரை தவித்தது. நியூகாசில் விமான நிலையமும் துண்டிப்புக்கு ஆளானது. பின்னர் மின்சந்தை ஒழுங்காணையத்தின் விசாரணையில் இரு மின்நிலைய உரிமையாளர்களும் தலா 45 இலட்சம் பவுண் செலுத்த இணங்கினர்.

இச்சம்பவத்தை நான் விரிவாக எழுதக் காரணம் உண்டு. ஒற்றைத்தண்டுச் சுழலி தளரும் பழைய குறைக்கு விதி செய்தாயிற்று. ஆனால் கூட்டுச் சுழற்சி நிலையத்தில் மூன்று இயந்திரங்கள் ஒன்றையொன்று நம்பி வாழ்கின்றன. ஒன்றின் உணரி பொய் சொன்னால் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாய் விழுகின்றன. ஓர் இயந்திரத்தின் இழப்புக்கென ஒதுக்கிய பாதுகாப்பு, தவணை முறையில் வரும் இழப்புக்கு ஈடுகொடுக்கவில்லை. ஒரு பலவீனத்தை அடைத்த இடத்தில் இன்னொன்று முளைத்தது.

நம் தீவும் நாளைய நாடியும்

இலங்கை வாசகர்களுக்கு இக்கதை அந்நியமானதல்ல. களனிதிஸ்ஸவிலும் கெரவலப்பிட்டியிலும் எண்ணெயில் ஓடும் வாயுச் சுழலிகளை நாம் பல்லாண்டுகளாக அறிவோம். அயல்நாட்டு இணைப்பில்லாத சிறிய வலையமைப்பு நம்முடையது. நுரைச்சோலையின் ஒரு 300 மெகாவாட் இயந்திரம் நின்றாலே நாட்டின் தேவையில் பெரும் பங்கு போய்விடும். 2020 ஆகஸ்ட் 17ஆம் திகதி கெரவலப்பிட்டி உப மின்நிலையத்தில் தொடங்கிய கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொடக்கி வைத்தது. உலகமே அந்தக் குரங்கைப் பார்த்துச் சிரித்தது. சிரிப்பினிடையே மறைந்தது, அது கூரைச் சூரிய மின்சாரம் பொழிந்துகொண்டிருந்த ஞாயிறு முற்பகல் என்பதும், தேவை குறைந்த அவ்வேளையில் வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும் பாரிய சுழலும் இயந்திரங்கள் குறைவாகவே ஓடின என்பதுமாகும்.

சூரியத் தகடு சுழல்வதில்லை. அதற்குச் சடத்துவம் இல்லை. காற்றும் வெயிலும் பெருகும் உலகில், வாயுச் சுழலியைப் போட்டோர் இப்போது அதன் சுழற்சியையே பெறுமதியாகக் காண்கின்றனர். பிரித்தானியாவின் கில்லிங்ஹோமில், 1990களின் எரிவாயு அலையில் எழுந்து பின்னர் மூடப்பட்ட நிலையத்தின் பழைய மின்பிறப்பாக்கிகள் மீண்டும் சுழல்கின்றன. எரிபொருள் எரிவதில்லை. மின்சாரம் விற்கப்படுவதில்லை. வலையமைப்பின் நாடி தடுமாறாதிருக்கப் பாரத்தோடு சுழல்வதே அவற்றின் தொழில், அதற்கே ஊதியம்.

எண்பது ஆண்டு வரலாறு காட்டும் உண்மை இதுதான். எந்த இயந்திரமும் பெயரளவில் காவலன் ஆகிவிடுவதில்லை. அது எந்த எல்லைவரை தாங்கும் என்பதை அமைதிக் காலத்திலேயே அளந்து பார்க்கவேண்டும், எழுதி வைக்கவேண்டும், அதற்கு உரிய விலையையும் கொடுக்கவேண்டும். அளக்காமல் நம்பியதன் விலையை மலேசியாவும் இத்தாலியும் ஓர் இரவில் செலுத்தின. அந்த விலை நிலைய உரிமையாளரின் கணக்கில் முதலில் எழுதப்படுவதில்லை. நின்றுபோன தொடரூந்துக்குள் காற்றின்றித் தவித்தவரின் கணக்கிலும், இருண்ட வீட்டில் மூச்சுக்கருவியோடு காத்திருந்தவரின் கணக்கிலுமே எழுதப்படுகிறது. அடுத்த முறை மின்சாரம் போகும்போது, எது பழுதடைந்தது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், மற்றவை ஏன் தாங்கவில்லை என்றும் கேட்போம். விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.